ஓர் ஆஃபாயிலுக்காக அழ வைக்கும் கொரியத் தொடர்கள்

கேள்வி (நள்ளிரவுப் பார்வையாளர்):
சாவுக் காட்சிகளுக்கே எளிதில் கலங்காத நான், 2015-இல் வெளிவந்த ‘ரிப்ளை 1988’ தொடரின் முதல் பகுதியில் ஓர் ஆஃபாயிலுக்காக அழுதுவிட்டேன். அக்காவின் பிறந்தநாளோடு சேர்த்துத் தன் பிறந்தநாளையும் ஒரே கேக்கில் முடித்துவிடும் வீட்டில், நடுப்பிள்ளை தொக்சன், தனக்கு மட்டும் ஆஃபாயில் கிடைப்பதில்லை, தனக்கும் முட்டை பிடிக்கும், கோழிக்கால் பிடிக்கும் என்று வெடித்து அழுகிறாள். அவ்வளவுதான் காட்சி. இது இவ்வளவு ஆழமாகத் தைப்பது இசையாலா, எழுத்தாலா?

மறுமொழி (பின்வரிசை):
எழுத்தால்தான். அந்த அப்பா, நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுக் கடனில் மூழ்கி, தரைக்குப் பாதி கீழே இருக்கும் வீட்டில் குடியிருக்கும் வங்கி ஊழியர். முட்டை பற்றாமல் போனதற்கு அதுவே காரணம் என்று யாரும் வசனம் பேசுவதில்லை, நாமே கூட்டிக்கொள்கிறோம். பிற்பாடு ஓர் இரவில் அவளுக்கென்று தனியாகக் கேக் வாங்கிவந்து, தானும் பிறக்கும்போதே அப்பாவாகப் பிறக்கவில்லை, தனக்கும் இதுதான் முதல் தடவை என்று மகளிடம் மன்னிப்புக் கேட்கிறாரே, அங்கேதான் நான் உடைந்தேன். சியோலின் அந்தச் சந்தில் இராச்சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் கிண்ணங்களை ஏந்திக்கொண்டு வீடு வீடாக ஓடுவதையும் கவனியுங்கள். பழகப் பழக ஒட்டிக்கொள்ளும் இந்தப் பாசத்துக்குக் கொரிய மொழியில் ‘ஜொங்’ என்று தனிச்சொல்லே இருக்கிறது.

மறுமொழி (பழைய ரசிகை):
எல்லாத் தொடர்களுக்கும் இதைப் பொதுவாக்க வேண்டாம். 2002-இல் வந்து, பிறகு ஜப்பானில் நடுத்தர வயதுப் பெண்களைப் பித்துப்பிடிக்க வைத்த ‘விண்டர் சொனாட்டா’, விபத்து, மறதி, பார்வையிழப்பு என்று அடுக்கித்தான் அழ வைத்தது. நானும் அழுதேன், மறுக்கவில்லை. ஆனால் கையைப் பற்றியதும் பாட்டு ஒலிக்கும் பழக்கம் இன்றும் போகவில்லை என்பது எரிச்சலூட்டுகிறது.

மறுமொழி (மூன்றாம் மாடி):
அம்மா, அதற்கு மாற்றாக 2018-இல் வந்த ‘மை மிஸ்டர்’ பாருங்கள். அலுவலகத்திலிருந்து எடுத்துவந்த காபி மிக்ஸைக் கலக்கிக் குடித்துப் பசியாறும் ஜி-ஆன், பணத்துக்காக ஓர் அதிகாரியின் கைப்பேசியை ஒட்டுக்கேட்கத் தொடங்கி, அவர் வீடு திரும்பும்போது விடும் பெருமூச்சைக் கேட்டுக் கேட்டே அவருக்காக இரங்கத் தொடங்குகிறாள். ஒரே எழுத்தாளர் 16 பகுதிகளையும் எழுதியிருப்பதால், இந்த மாற்றம் அவசரமில்லாமல் நிகழ்கிறது. இசையா எழுத்தா என்று கேட்டிருந்தீர்கள். அவள் இயர்போனோடு உட்கார்ந்திருக்கும் அந்த இடங்களில் என் காதில் நின்றது மூச்சும் காலடியும்தான்.