28,000 கி.மீ.லயே முன் பிரேக் பேட் காலி, இது சரியா?

உப்பனாறு:
பெட்ரோல் ஹேட்ச்பேக். முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். தினமும் கடலூர் முதுநகர் டூ புதுச்சேரி. சர்வீஸ்ல அளந்தது: வலது பேட் ரெண்டும் 6 மி.மீ., இடது வெளிப்பக்கம் 6, இடது உள்பக்கம் மட்டும் 2. பேட் செட்டோட டிஸ்க்கும் மாத்தணுமாம். பேட் எவ்வளவு ஓடணும்? டிஸ்க் மாத்தியே ஆகணுமா?

டிஸ்க்மணி:
முன் பேட் பொதுவா 30,000லேர்ந்து 60,000 வரைக்கும் வரும். புதுசுல உரசுற பகுதி சுமார் 10 மி.மீ., 3க்கு வந்தா மாத்திடணும். உங்க மத்த மூணு பேடும் இதே வேகத்துல தேஞ்சா 50,000 கிட்ட வந்திருக்கும். ஆக, உங்க ஓட்டுற விதத்துல குறை இல்ல.

உள்பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா முதல்ல காலிப்பர் (பேடை வச்சு டிஸ்க்கை ரெண்டு பக்கமும் கவ்வுற பகுதி) நகர்ற ஸ்லைடு பின்னைத்தான் சந்தேகப்படணும். பிரேக்க மிதிச்சா பிஸ்டன் உள்பேடைத் தள்ளும். அப்புறம் காலிப்பர் அந்தப் பின்மேல நகர்ந்து வெளிப்பேடை இழுத்துப் பிடிக்கும். பின் இறுகிட்டா மொத்த வேலையும் உள்பேடு தலையில. காலை எடுத்தாலும் லேசா உரசிக்கிட்டே இருக்கும். நம்ம ஊரு உப்புக்காத்துக்கு பின்மேல இருக்கிற ரப்பர் உறை, அதாவது பூட்ல ஒரு கீறல் போதும், உள்ள துருதான்.

பின்னைக் கழட்டி, துருவைச் சுத்தமா எடுத்து, பூட்டைப் புதுசாப் போட்டு, சிலிக்கான் கிரீஸ் தடவச் சொல்லுங்க. சாதா கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். பிஸ்டனையும் உள்ள தள்ளிப் பாக்கணும். சி கிளாம்ப்னு திருகி அழுத்துற கருவிக்கும் அசையலேன்னா பிஸ்டனோட ரப்பர் சீல் கிட் மாத்தணும். தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பாவுல மட்டம் ஏறும், பொங்கி பெயின்ட்ல பட்டா உரிச்சிடும். இதெல்லாம் செய்யாம பேடை மட்டும் மாத்துறது காசுக்குக் கேடு.

டிஸ்க்ல குறைந்தபட்ச கனம் பொறிச்சிருக்கும். மைக்ரோமீட்டர்ல அளக்கச் சொல்லுங்க. வெர்னியர் வச்சா டிஸ்க் விளிம்புல தேயாம நிக்கிற மேடு ஏமாத்திடும். கனம் இருக்கு, ஆழமான கோடு இல்ல, மிதிச்சா பெடல் உதறல அப்படின்னா அந்த டிஸ்க்கே போதும்.

உப்பனாறு:
அப்போ இடது பேட் மட்டும் மாத்தினா போதாதா?

டிஸ்க்மணி:
கூடாது. ஒரு பக்கம் பழசு, ஒரு பக்கம் புதுசுன்னா பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமா இழுக்கும். நாலும் சேர்த்துத்தான். போட்டதும் பெடலை பம்ப் பண்ணி இறுக்கம் வந்தப்புறம் வண்டிய எடுங்க. புது பேட் டிஸ்க்கோட படிய, காலி ரோட்டுல 50 கி.மீ. வேகத்துலேர்ந்து 10க்கு நிதானமா எட்டு பத்து தடவை குறைங்க, முழுசா நிறுத்தாம.

மரப்பாலம் சிக்னல்:
மேல சொன்னதோட ரெண்டு. அரியாங்குப்பத்துலேர்ந்து முதலியார்பேட்டை வரைக்குமான நெரிசல்தான் பேடைத் தின்னும். வேகம் ரெட்டிப்பானா பிரேக் விழுங்குற சக்தி நாலு மடங்கு. சிவப்பு தூரத்துல தெரிஞ்சதும் ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்துடுங்க, கியர்லயே வேகம் குறையட்டும்.

பிரேக் ஆயிலை ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துங்க. அது ஈரத்தை இழுக்கும். டாட் 4 ஆயில் புதுசுல 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறினா 155லயே கொதிக்கலாம். கொதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும்.

மழைக்காலத்துல வண்டிய நாள் கணக்கா நிறுத்தினா ஹேண்ட் பிரேக் வேண்டாம், பின் சக்கர டிரம்முக்குள்ள உரசுற பிரேக் ஷூ டிரம்மோட துருப்பிடிச்சு ஒட்டிக்கும். சமதரைல முதல் கியர்ல விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வச்சிடுங்க.