நெல்லை எச்.ஐ.வி. சீக்வென்ஸ்: ஒருத்தர் மட்டும் பத்துப் பேரோட இணைஞ்சு நிக்காரு, அவர்தான் மூலமா?

பொருநைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூணு மாவட்டத்துல இருந்தும் எச்.ஐ.வி.யோட 'போல்' (pol) ஜீன் சீக்வென்ஸ் (மரபு எழுத்து வரிசை) நூத்துச் சொச்சம் இருக்கு. புரோட்டியேஸ், ஆர்.டி.ன்னு ரெண்டு வைரஸ் நொதிக்கான பகுதியில, புரோட்டியேஸும் ஆர்.டி. முற்பகுதியும் சேர்த்து ஏறத்தாழ 1,200 எழுத்து. எல்லாமே கூட்டு மருந்து எடுத்தும் வைரஸ் அடங்காதவங்ககிட்ட மருந்து எதிர்ப்புச் சோதனைக்கு எடுத்தது. சப்டைப் (வைரஸோட உள்வகை) எல்லாம் சி. எச்.ஐ.வி.-ட்ரேஸ்ங்கிற நிரல்ல 1.5 சதவீத எல்லையில (வித்தியாசம் அதுக்குள்ள இருக்க ஜோடியை மட்டும் இணைக்கும்) ஓட்டினா பெரிய கிளஸ்டர் (இணைஞ்ச கூட்டம்) ஒண்ணு வருது, அதுக்கு நடுவுல ஒரு ஆள் பத்துப் பேரோட இணைஞ்சிருக்காரு. அவர்கிட்ட இருந்துதான் பரவுச்சுன்னு எழுதலாமா? இல்ல எல்லையை 0.5 ஆக்கிப் பாக்கணுமா?

குறுக்குத்துறை:
எழுதாதீங்க. முதல்ல அந்த நடு ஆளோட சீக்வென்ஸைத் திறந்து ஆர், ஒய், டபிள்யூ மாதிரி கலப்பு எழுத்து (ஒரே இடத்துல ரெண்டு எழுத்து சேர்ந்து வாசிச்சதுக்கான குறி) எத்தனை இருக்குன்னு எண்ணுங்க. பல வருசமா உடம்புல வைரஸ் இருந்து, பல வகையாப் பிரிஞ்ச ஆள்னா நிறையவே இருக்கும். 'ரிசால்வ்' முறையில ஓட்டினா, 'ஆர்'ங்கிற எழுத்து எதிர்ல 'ஏ' வந்தாலும் ஒத்துப்போச்சுன்னு கணக்கு, 'ஜி' வந்தாலும் ஒத்துப்போச்சுன்னு கணக்கு. கலப்பு கூடக்கூட அந்த சீக்வென்ஸ் எல்லாருக்கும் சொந்தக்காரனாயிரும். நடுவுல வந்து உக்காந்ததுக்கு அதுவே காரணமா இருக்கலாம்.

கலப்பு எழுத்து விகிதத்துக்குன்னு ஒரு அளவுகோல் அந்த நிரல்லயே உண்டு. அதைவிடக் கலப்பு கூடின சீக்வென்ஸுக்கு மட்டும் சராசரி முறையில கணக்குப் போடும். 0.05ன்னு வச்சிருந்தா 1,200 எழுத்துல 60 கலப்பு வரைக்கும் சும்மா விட்டுரும். 0.015க்கு இறக்குங்க, 18தான் தாங்கும். ரெண்டு சீக்வென்ஸும் ஒண்ணோட ஒண்ணு பொருந்துற நீளம் 500 எழுத்துக்குக் குறைஞ்சா அந்த ஜோடியைக் கணக்குல சேக்காதீங்க.

எல்லையைப் பத்தி: போல் பகுதி வருசத்துக்கு ஒரு இடத்துக்கு 0.001 முதல் 0.002 வரை மாறுது. ரெண்டு கிளையும் மாறுறதால, 1.5 சதவீதம்னா பொது மூதாதை நாலுல இருந்து ஏழரை வருசத்துக்குள்ள இருந்திருக்கும். 0.5 சதவீதம்னா ரெண்டு மூணு வருசத்துக்குள்ள. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 0.5 சதவீதத்துக்குள்ள, ஒரே வருசத்துல புதுசா 5 பேரையாவது கண்டுபிடிச்சா அந்தக் கிளஸ்டருக்கு முன்னுரிமை குடுக்குது. ஆனா அங்க நோய் தெரிஞ்ச உடனேயே ஜீனோடைப் (வைரஸ் சீக்வென்ஸ்) எடுக்கது வழக்கம். உங்க கையில இருக்கது மருந்து தோத்தவங்க மட்டும். அவங்களுக்குத் தொத்து வந்து எத்தனையோ வருசம் ஆயிருக்கும். 0.5 வச்சா பாதி இணைப்பு காணாமப் போயிரும். ரெண்டு எல்லையிலும் ஓட்டி, எது நிலைக்குன்னு பாருங்க.

மருந்து எதிர்ப்பு மாற்றங்களையும் எடுத்துட்டு ஒரு தடவை ஓட்டணும். 1,200ல 0.5 சதவீதம்னா 6 எழுத்து வித்தியாசம்தான். ஒருத்தருக்கு எம்184வி, கே103என் எல்லாம் சேர்ந்து நாலு மாற்றம் வந்திருந்து, இன்னொருத்தருக்கு வரலைன்னா, அந்த நாலே ஆறுல பெரும்பகுதியைத் தின்னுரும், உண்மையான இணைப்பு அறுந்துரும். எந்த வைரஸ் எதுக்கு நெருங்குன சொந்தம்னு காட்டுற வம்ச மரம் போடும்போது இதுக்கு நேர்மாறு. சம்பந்தமே இல்லாத ரெண்டு பேர் ஒரே மருந்தால ஒரே மாற்றம் வாங்கி ஒரே கிளையில வந்து நிப்பாங்க.

வல்லநாட்டான்:
குறுக்குத்துறை அண்ணாச்சி சொன்னதுக்கு முன்னாடியே லேப் நோட்டைப் பாக்கணும். அந்தப் பத்துப் பேரும் ஒரே பி.சி.ஆர். (மரபுப் பொருளைப் பெருக்குற முறை) ஓட்டத்துல போனவங்களா? நெஸ்டட் (ரெண்டு சுற்று) பி.சி.ஆர்.ல முதல் சுற்றுக் குழாயைத் திறக்கும்போது ஒரு துளி தெறிச்சா போதும், பக்கத்துக் குழி எல்லாம் ஒரே வைரஸா வாசிக்கும். ஒரே ஓட்டத்துல 0.5 சதவீதத்துக்குள்ள ஜோடி வந்தா அதை நம்பாதீங்க. ரெண்டாவது அலிக்வாட்ல (தனியாப் பிரிச்சு வச்ச ரத்த மாதிரிப் பங்கு) இருந்து ஆர்.என்.ஏ. பிரிச்சு, வேற நாள்ல தனித்தனியா ஓட்டுங்க. வாழ்க்கைத் துணைங்க ஒண்ணா வந்து ரத்தம் குடுத்திருந்தா நிஜமாவே நெருக்கமா இருக்கும், அதனால வெறும் நெருக்கத்தை வச்சுத் தூக்கிப் போட்டுறவும் கூடாது. எச்.எக்ஸ்.பி.2 (லேப்ல ஒப்பீட்டுக்கு வைக்க வைரஸ்) கலந்தா நம்ம பக்கம் கண்டுபிடிக்கது லேசு: அது சப்டைப் பி, நம்மளது சி.

அட்டையில காய்ஞ்ச ரத்தப் பொட்டுல எடுத்த மாதிரின்னா இன்னொரு சங்கடம் இருக்கு. பொட்டுல வெள்ளணுவும் இருக்கதால, வைரல் லோடு (ரத்தத்துல வைரஸ் அளவு) குறைவா இருந்தா, செல்லுக்குள்ள ஒளிஞ்சு கிடக்க பழைய டி.என்.ஏ.வையும் சேர்த்துப் பெருக்கிரும். மில்லிக்கு 1,000 காப்பிக்குக் கீழ இருந்தா எடுக்காதீங்க. ரெண்டு மூணு மூலக்கூறுல இருந்து வளர்ந்த சீக்வென்ஸ் பாக்க சுத்தமா இருக்கும், உள்ளது அம்புட்டுத்தான். தூத்துக்குடிக் கடற்கரை ஈரக்காத்துக்கு அட்டையை ராத்திரி முழுக்கக் காயவிட்டு, சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதம் காட்டுற சீட்டும் போட்டுப் பையை மூடணும். சீட்டு நிறம் மாறினா ஜெல்லை மாத்துங்க.

பொருநைக்கரை:
எண்ணிப் பாத்தேன், நடு ஆளுக்குக் கலப்பு எழுத்து 40க்கு மேல. 0.015ல ஓட்டினா பத்து இணைப்பு ரெண்டாயிருச்சு. சரி, அந்த ரெண்டுல யார் யாருக்குக் குடுத்ததுன்னு எப்படிச் சொல்ல?

செங்கோட்டை செல்வி:
சாங்கர் சீக்வென்ஸ்ல (ஒருத்தருக்கு ஒரே வரிசை மட்டும் குடுக்கது) சொல்ல முடியாது தம்பி. ஏ-யும் பி-யும் நெருக்கமா இருக்காங்கன்னா, ஏ பி-க்குக் குடுத்திருக்கலாம், பி ஏ-க்குக் குடுத்திருக்கலாம், ரத்த மாதிரியே எடுக்காத மூணாவது ஆள் ரெண்டு பேருக்கும் குடுத்திருக்கலாம், நடுவுல இன்னொருத்தர் இருந்திருக்கலாம். டீப் சீக்வென்சிங் (உடம்புல இருக்க பல வகை வைரஸையும் தனித்தனியா வாசிக்கது) எடுத்து ஃபைலோஸ்கேனர்ங்கிற நிரல்ல போட்டா ஒருத்தரோட வைரஸ் கூட்டத்துக்குள்ள இன்னொருத்தரோடது அடங்கி நிக்குதான்னு பாக்கலாம். அதுவும் மக்கள்தொகை அளவுல போக்கு சொல்லத்தான் ஆகும், ஒரு ஜோடிமேல பழி போட ஆகாது.

கம்போடியாவுல ரோக்கா கிராமத்துல 2014 கடைசியில 200 பேருக்கு மேல தொத்து தெரிஞ்சப்ப வைரஸ்கள் அம்புட்டு நெருக்கமா இருந்தது விசாரணைக்குப் பெரிய துணை. அதுலயும் ஊசிதான் காரணம்னு தேறுனது கிராமத்துலயே பரவலாச் சோதனை பண்ணி, ஊசி போட்ட விவரத்தையும் கேட்டுச் சேர்த்ததாலதான். நம்ம மாவட்டத்துல மருந்து ஒழுங்கா எடுக்கவங்க வைரஸ் அடங்கி இருக்காங்க, அவங்க சீக்வென்ஸே கிடைக்காது. உங்க வரைபடத்துல பெரும்பாலான புள்ளிகள் இல்லவே இல்ல.

இதை எழுதும்போது 2017 எச்.ஐ.வி. சட்டத்தைப் பக்கத்துல வச்சுக்கிடுங்க, 2018 செப்டம்பர் 10ல இருந்து நடைமுறையில இருக்கு. ஒப்புதல் இல்லாம ஒருத்தர் நிலையை வெளிய சொல்லக் கூடாது. துணைக்குச் சொல்லுறதுக்கும் நிபந்தனை உண்டு. சொன்னா அடி உதை வரும்னு, முக்கியமாப் பெண்ணுக்கு, பயப்பட நியாயம் இருந்தா சொல்லக் கூடாதுன்னே சட்டத்துல இருக்கு. மருந்து எதிர்ப்புக்குன்னு வாங்கின ஒப்புதல் கிளஸ்டர் ஆய்வுக்கும் செல்லுமான்னு நெறிமுறைக் குழுகிட்ட எழுத்துல வாங்குங்க.

படத்துல ஏ.ஆர்.டி. எண் (சிகிச்சைப் பதிவு எண்) வரக்கூடாது, புது எண் குடுத்துத் திறவுகோலைத் தனிக் கணினியில வைங்க. ஊர்ப் பேரை எடுத்துட்டு மாவட்டம் மட்டும் போடுங்க. நாங்குநேரிப் பக்கம் ஒரு சின்ன ஊரு, லாரி ஓட்டுறவர், 40 வயசுன்னு மூணு விவரம் போதும், யாருன்னு ஊரே சொல்லிரும். தேதிக்குப் பதிலா வருசம். ஜென்பேங்க்ங்கிற பொதுச் சீக்வென்ஸ் தரவுத்தளத்துல ஏத்தும்போதும் இதே அளவு விவரந்தான்.

குறுக்குத்துறை:
மிஞ்சின ரெண்டு இணைப்பையும் மரத்துல சோதிங்க. லாஸ் அலமோஸ் எச்.ஐ.வி. சீக்வென்ஸ் தரவுத்தளத்துல ஒவ்வொரு சீக்வென்ஸுக்கும் நெருக்கமான பத்தை எடுத்து, இந்திய சப்டைப் சி எல்லாம் சேர்த்து, மரம் போடுற நிரலான ஐ.க்யூ.-ட்ரீல 1,000 அல்ட்ராஃபாஸ்ட் பூட்ஸ்ட்ராப் (கிளை எம்புட்டு உறுதின்னு பாக்க சோதனை). மதிப்பு 95க்குக் கீழ இருந்தா, இல்ல நடுவுல மும்பை சீக்வென்ஸ் ஒண்ணு வந்து நுழைஞ்சா, அதை நெல்லைக் கிளஸ்டர்னு எழுத முடியாது.