கேட் லைட்டுக்கு டே நைட் சென்சார் மாட்டியும் எரியவில்லை, சென்சார் பீஸ் போச்சா, வயரிங் கோளாறா?

தெருமுனை வீடு:
வணக்கம். கேட் தூணில் 9 வாட்ஸ் எல்இடி பல்பு ஒன்று இருக்கிறது, சுவிட்ச் ஹாலில். சாயங்காலம் போட மறக்கிறோம், போட்டால் காலையில் அணைக்க மறக்கிறோம். அதனால் இருட்டினால் தானே லைட்டைப் போட்டு, விடிந்தால் அணைக்கும் டே நைட் சென்சார் ஒன்று வாங்கி, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாட்டச் சொன்னேன். சின்ன டப்பாதான், கீழே சிவப்பு, கருப்பு, வெள்ளை என்று மூன்று வயர் தொங்குகிறது. பைப்பில் தூணுக்கு வருவது சிவப்பு, கருப்பு, பச்சை. அவர் சிவப்பைச் சிவப்போடும் கருப்பைக் கருப்போடும் முறுக்கிவிட்டு, மிச்சம் இருந்த வெள்ளையை ஹோல்டரின் ஒரு காலில் கொடுத்தார். ஹோல்டரின் இன்னொரு கால் கருப்பில். பகலிலும் எரியவில்லை, இருட்டியும் எரியவில்லை, துணி போட்டு மூடியும் பார்த்தாயிற்று. பல்பு வேறு ஹோல்டரில் எரிகிறது. சிவப்பில் டெஸ்டர் வைத்தால் டெஸ்டரும் எரிகிறது. "சென்சார் பீஸ் போயிருக்கும் சார், மாத்திட்டு வாங்க" என்று கிளம்பிவிட்டார். கடையில் வயர் உரித்த சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். என்ன செய்யலாம்?

சீரியல் லேம்ப்:
பீஸ் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கலரைப் பார்த்துக் கலரோடு சேர்த்ததுதான் வினை. நம் வீட்டு வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸ் (கரண்ட் வரும் வயர்), கருப்பு நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்), பச்சை எர்த் (ஷாக் அடிக்காமல் காக்கும் வயர்). ஆனால் இந்தச் சிவப்பு கருப்பு வெள்ளை சென்சார்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கலர் முறையில் வருகின்றன. அதில் கருப்புதான் பேஸ் உள்ளே போகும் வயர், வெள்ளை நியூட்ரல், சிவப்பு பல்புக்கு வெளியே வரும் வயர்.

உங்கள் இணைப்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சென்சார் விழித்திருக்க அதற்கே கரண்ட் வேண்டும், அது கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் கிடைக்க வேண்டும். இங்கே கருப்பு நியூட்ரலில் இருக்கிறது, வெள்ளையும் பல்பு வழியாகச் சுற்றிப் போய் அதே நியூட்ரலில்தான் முடிகிறது. இரண்டு பக்கமும் நியூட்ரல் என்றால் உயிர் எங்கிருந்து வரும்? பேஸ் சிவப்பில் வந்து, சென்சாருக்குள் சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் ரிலே இணையாமல் திறந்து கிடப்பதால் அங்கேயே நிற்கிறது. கரண்ட் இல்லாதபோது ரிலே மூடியிருக்கும், அதாவது இணைந்தே இருக்கும் வகை சென்சாரும் உண்டு. அதை இப்படி மாட்டியிருந்தால் பேஸும் நியூட்ரலும் நேருக்கு நேர் முட்டி, போட்டவுடனே எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்திருக்கும்.

வீட்டுச் சிவப்பை சென்சார் கருப்புக்குக் கொடுங்கள். வீட்டுக் கருப்பில் சென்சார் வெள்ளையும் ஹோல்டரின் ஒரு காலும் சேரட்டும். சென்சார் சிவப்பு ஹோல்டரின் இன்னொரு காலுக்கு. பச்சை தனியாக, லைட் பாடி இரும்பு என்றால் அதற்கு மட்டும். ஆனால் நான் சொன்னதை விட சென்சார் வந்த அட்டையில் அச்சிட்ட படத்தை நம்புங்கள், பழுப்பு நீலம் சிவப்பு என்று தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

மாடித்தோட்டம்:
தூணில் ஏறி இறங்குவதற்குப் பதில் ஹாலில் சுவிட்ச் போர்டிலிருந்தே வயர் இழுத்து சென்சாரை ஜன்னலுக்கு வெளியே வைத்துவிடலாமே. போர்டில் நியூட்ரல் இல்லையென்றால் சென்சார் நியூட்ரலைப் பச்சையில் கொடுத்தாலும் ஓடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது.

பழைய வயர்மேன்:
ஓடும், அதுதான் ஆபத்தே. எர்த்தை நியூட்ரலாக்கக் கூடாது. எர்த் வயர் எங்காவது ஒரு இடத்தில் விட்டுப்போனால் அந்தப் பேஸ் சென்சார் வழியாகத் திரும்பி, அதே எர்த்தில் இருக்கும் பிரிட்ஜ் பாடிக்கும் வாஷிங் மெஷின் பாடிக்கும் வந்து நிற்கும். ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) இருக்கிற வீட்டில் அது காரணம் தெரியாமல் விழுந்துகொண்டே இருக்கலாம், உடனே யாராவது "ஆர்சிசிபி சரியில்லை" என்று அதைக் கழற்றிவிடுவார்கள். மாடித்தோட்டம், முதல் வேலையாக அதை மாற்றுங்கள் ஐயா.

கேள்வி கேட்டவருக்கு: சென்சாரைத் தூணிலேயே வையுங்கள், அங்கேதான் பேஸ், நியூட்ரல் இரண்டும் வருகின்றன. கை வைக்கும் முன் ஹால் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏறாதீர்கள், மெயினையே இறக்குங்கள். பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் போயிருக்கும், அணைத்தாலும் ஹோல்டரில் பேஸ் உட்கார்ந்திருக்கும். அப்புறம் அந்த டெஸ்டர். பேஸ் வந்திருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும், நியூட்ரல் வந்திருக்கிறதா என்று சொல்லாது. ஒரு ஹோல்டரில் இரண்டு வயர் கட்டிய டெஸ்ட் லேம்ப்பைச் சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவில் பிடியுங்கள், பளிச்சென்று எரிந்தால் லைன் சரி.

ஜாயிண்டை முறுக்கி டேப் சுற்றி வெளியே தொங்கவிட வேண்டாம், ஒரு மழைக்குத் தாங்காது. மூடியுள்ள பிவிசி ஜங்ஷன் பாக்ஸில் கனெக்டர் போட்டு உள்ளே தள்ளுங்கள், வயர் பாக்ஸுக்குக் கீழ்ப்பக்கமாக நுழையட்டும். மேலே ஓட்டை போட்டால் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும்.

தெருமுனை வீடு:
நன்றி. எலக்ட்ரீஷியனை மறுபடி வரவழைத்து அட்டைப் படத்தைக் காட்டினேன். சீரியல் லேம்ப் சொன்ன கலர்தான் அதிலும் போட்டிருந்தது. மாற்றினார், எரிகிறது. ஆனால் ராத்திரி புதுக் கூத்து. எரிகிறது, கொஞ்ச நேரத்தில் அணைகிறது, மறுபடி எரிகிறது, விடிய விடிய இதே. லூஸ் காண்டாக்டா?

சீரியல் லேம்ப்:
சென்சார் பல்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறதா? அப்படியானால் லூஸ் எதுவும் இல்லை. இருட்டு என்று லைட்டைப் போடுகிறது, அந்த வெளிச்சமே அதன் கண்ணில் பட்டதும் விடிந்துவிட்டது என்று அணைக்கிறது. ராத்திரி நன்றாக இருட்டிய பிறகு சென்சார் மூடியில் கருப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள், அணையாமல் நின்று எரிந்தால் இதுதான் காரணம். மூடியிருக்கும்போதும் விட்டுவிட்டு எரிந்தால்தான் ஜாயிண்டைச் சந்தேகப்பட வேண்டும்.

பழைய வயர்மேன்:
தூணின் மறுபக்கம் மாற்றி, மூடி வானத்தைப் பார்க்கிற மாதிரி வைத்தால் போதும். மாற்ற வயர் நீளம் பத்தாது என்றால் பிவிசி பைப்பில் ஒரு துண்டு வெட்டி, பல்பு பக்கம் மறைக்கிற மாதிரி சென்சாரைச் சுற்றி நிறுத்துங்கள். தெருவிளக்கும் நேராக அடிக்கக் கூடாது, அடித்தால் உங்கள் லைட் போடவே போடாது. நேர்மாறாக, சன்ஷேடுக்கு அடியில் இருட்டு மூலையில் வைத்தால் மத்தியானமும் எரியும்.

தெருமுனை வீடு:
டேப் சுற்றினதும் அணையாமல் நின்றது. பைப் துண்டு வைத்துவிட்டோம், இப்போது ஒழுங்காக எரிகிறது. இன்னும் ஒன்று, மாடிப்படி லைட்டும் பின்பக்க லைட்டும் இதே சென்சாரில் சேர்க்கலாமா?

பழைய வயர்மேன்:
சென்சாரில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். 6 ஆம்பியர் என்றாலும் மூன்று எல்இடி பல்பு அதற்கு ஒன்றுமே இல்லை. சென்சார் சிவப்பிலிருந்து பேஸையும், இதே லைனின் நியூட்ரலையும் சேர்த்தே கொண்டுபோங்கள். பின்பக்கம் பக்கத்தில் கிடைக்கிறது என்று வேறு சர்க்யூட் நியூட்ரலைப் பிடித்தால் ஆர்சிசிபி விழலாம். ஹால் சுவிட்ச் இனி எப்போதும் ஆனில் இருக்கட்டும், வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். கரண்ட் போய் வந்தால் பகலிலும் கொஞ்ச நேரம் எரிந்து தானே அணையும், அதைப் பார்த்து யாரும் மறுபடி கழற்ற வேண்டாம்.