ஆணி அடிக்கக் கூடாத வாடகை வீடு, சமையலறையில் சாமான் எங்கே வைப்பது?

வண்ணாரப்பேட்டை மருமகள்:
பழைய வண்ணாரப்பேட்டையில் வாடகை வீடு. சமையலறை 8-க்கு 6 அடி, நான் நிற்கும்போது இன்னொருவர் உள்ளே வந்தால் யாராவது ஒருவர் வெளியே போக வேண்டும். சுவரில் மூன்று கடப்பா கல் தட்டு, ஒன்றரை அடி ஆழம், பின்னால் போன டப்பா பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போதுதான் கண்ணில் படும். பரணில் மாமியாரின் பித்தளை அண்டா, தவலை. மேடைக்கு அடியில் சிலிண்டர், 25 கிலோ அரிசி மூட்டை, தண்ணீர்க் குடங்கள். வீட்டுக்காரர் ஓர் ஆணிகூட அடிக்க விடமாட்டார். ஸ்டாண்டு வாங்கினால் கடல் காற்றுக்குத் துருப்பிடிக்கிறது. மாடுலர் கிச்சன் கதை வேண்டாம், 2,000 ரூபாய்க்குள் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை அக்கா:
முதலில் ஒன்றும் வாங்காதேம்மா. அந்தத் தட்டில் டப்பாவுக்கு மேலே எவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது என்று பார். முக்கால்வாசி வீட்டில் பாதி உயரம் வெறும் காற்றுதான். தட்டின் பின்பாதியில் ஒரு பலகையை இரண்டு செங்கல் மேல் போட்டு உயர்த்திவிட்டால், பின்வரிசை டப்பாவின் தலை முன்வரிசைக்கு மேலே தெரியும், தேடவே வேண்டாம். கீழ்த்தட்டுக்கு நீளமான பிளாஸ்டிக் ட்ரே, பாரிமுனைப் பக்கம் மலிவாகக் கிடைக்கும். பருப்பு எல்லாம் ஒரு ட்ரே, மசாலா எல்லாம் ஒரு ட்ரே, டிராயர் மாதிரி இழுத்து எடு. அப்புறம் அரிசி மூட்டையைச் சிங்க் பக்கம் வைக்காதே, ஈரம் ஏறி வண்டு வரும். கட்டை மேல் ஏற்றி வை.

காசிமேட்டுக்காரன்:
துரு பற்றி மட்டும் சொல்கிறேன். இங்கே 202 கிரேடு எவர்சில்வர் ஸ்டாண்டு தாங்காது, 304 கேட்டு வாங்குங்கள். 304-இல் நிக்கல் சுமார் 8 சதவீதம் இருக்கும், 202-இல் அதைக் குறைத்து மாங்கனீசு சேர்ப்பார்கள், அதனால்தான் விலை குறைவு. கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி "ஒட்டலை பாருங்க, இது 304" என்பார், நம்பாதீர்கள், 202-உம் பெரும்பாலும் ஒட்டாது. பில்லில் கிரேடு எழுதித் தரச் சொல்லுங்கள், எழுத மாட்டேன் என்றால் அடுத்த கடை. பட்ஜெட்டுக்குள் 304 வராது என்றால் ஸ்டாண்டையே விட்டுவிடலாம், பிளாஸ்டிக் போதும்.

பெரம்பூர் கணக்கு:
வட்ட டப்பாவை எல்லாம் சதுரமாக மாற்றுங்கள். ஒரு வட்ட டப்பா தட்டில் பிடிக்கும் சதுர இடத்தில் 100-க்கு 21 பங்கு மூலைகளிலேயே வீணாகிறது.

தண்டையார்பேட்டை அக்கா:
கணக்கு சரிதான் தம்பி. ஆனால் வீட்டில் இருக்கும் எவர்சில்வர் டப்பாவை எல்லாம் கடாசிவிட்டு சதுரத்துக்குச் செலவு செய்ய யார் காசு தருவது? காலியான வட்ட டப்பாக்கள் ஒன்றுக்குள் ஒன்று போகும், அதையும் கணக்கில் சேர்.

வண்ணாரப்பேட்டை மருமகள்:
செங்கல் யோசனை பிடித்திருக்கிறது அக்கா. மேடைக்கு அடியில் கதவு மாதிரி ஒரு பலகை வைத்து மறைத்துவிட்டால் பார்க்க லட்சணமாக இருக்குமா?

எண்ணூர் வாசி:
சிலிண்டர் இருக்கும் பக்கம் பலகை வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும், அடைத்து வைத்தால் வெளியேற வழி இருக்காது. மறைத்தே ஆக வேண்டும் என்றால் திரை போடுங்கள், அதுவும் தரையிலிருந்து அரை அடி தூக்கி, அடுப்புத் தீ எட்டாத இடத்தில். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று சிலிண்டரைப் படுக்க வைக்கவும் கூடாது, டியூப் மேல் அரிசி மூட்டையைச் சாய்க்கவும் கூடாது. குடங்களை அந்தப் பக்கம் நிறுத்தினால் ரெகுலேட்டரை மூடக் கை போகிற அளவுக்காவது வழி விடுங்கள்.

பரண் பற்றி யாரும் பேசவில்லையே. அண்டாவை விற்கச் சொன்னால் வீட்டில் பிரளயம் வரும், அது தேவையில்லாத வேலை. அண்டா காலியாகத்தானே கிடக்கிறது? இட்லிக் குண்டான், முறுக்கு அச்சு, பண்டிகைக்கு மட்டும் எடுக்கும் பெரிய வாணலி, எல்லாவற்றையும் பழைய வேட்டியில் சுற்றி அதற்குள் போட்டு மேலே தாம்பாளத்தால் மூடிவிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி வெளியே ஒட்டுங்கள், இல்லையென்றால் தீபாவளிக்கு முறுக்கு அச்சைத் தேடிப் புதிதாக இன்னொன்று வாங்குவீர்கள்.