பதில்: ஐஸ்ஹவுஸ் மலர், ஆளுக்கு 100 டாலர்

எல்லோருக்கும் வணக்கம்.

பொருளாளர் அண்ணா, பார்த்தசாரதி கோயில் அன்னதானத்துக்கு வாங்கிய பணத்துக்கே இன்னும் வரவு செலவு வரவில்லை. அதை டல்லாஸ் மாமா விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார், கேட்கட்டும். சென்னை மெரினா கடற்கரை ஐஸ்ஹவுஸ் கட்டடத்தைப் பற்றி மலர் போட ஆளுக்கு 100 டாலர் கேட்டிருக்கிறீர்களே, அதில் என் வழக்கு வேறு.

மலர் வரைவைப் படித்தேன். 1842-ல் அமெரிக்க ஐஸ் வியாபாரி டியூடருக்காகக் கட்டியது, பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஐஸ், எல்லாம் விலாவாரியாக இருக்கிறது. வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, ஜட்ஜ் கெர்னன் பெயரை வைத்ததும் இருக்கிறது. 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் தங்கிய ஒன்பது நாளுக்கு எட்டுப் பக்கம். வேண்டியதுதான், இன்றைக்கு அந்த வீட்டுக்கு விவேகானந்தர் இல்லம் என்ற பெயரே அவரால்தானே. வீடு ஏலம் போன அன்று, அங்கே மடம் நடத்திவந்த சசி மகராஜ் (சுவாமி ராமகிருஷ்ணானந்தர்) வெளியே பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்ததைக்கூட யாரோ அழகாக எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம் ஒரே வரி: "பின்னர் விடுதியாக இருந்தது."

யாருக்கு விடுதி? 1911-லேயே பி.ஏ. முடித்த சிஸ்டர் சுப்புலட்சுமி, தாலியறுத்த குழந்தைகளைக் கூட்டிவந்து அந்த வீட்டில் வைத்துப் படிக்கவைத்தார். எங்கள் அத்தைப்பாட்டி அப்படிப் போனவள்தான். பதினோரு வயசு, மழித்த தலை. ராத்திரி அலைச் சத்தத்துக்குப் பயந்து பக்கத்துப் பெண்ணின் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு தூங்குவாளாம். பிறகு முடி வளர்த்து, டீச்சராகி, முழுப் பென்ஷன் வாங்கினாள். அண்ணா, உங்கள் அப்பாவுக்குப் பரீட்சைப் பீஸ் கட்டியது அவள் சம்பளம். உங்கள் வீட்டில் இதையெல்லாம் பேசியிருக்க மாட்டார்கள்.

கல்கத்தா, பம்பாய் ஐஸ்ஹவுஸ் எல்லாம் போய்விட்டது, நம்முடையதுதான் நிற்கிறது என்று சிங்கப்பூர் தம்பி மார்தட்டுகிறான். நியாயம்தான். ஆனால் இங்கேயே மெஷினில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் டியூடர் வியாபாரம் படுத்துவிட்டது. அதற்கப்புறம் குடியிருந்தவர்களால்தான் கட்டடம் பிழைத்தது. 1963-ல் விவேகானந்தர் இல்லம் என்று பெயர் வைக்க ஒரு வீடு மிஞ்சியிருந்ததில் அந்தப் பெண்களுக்கும் பங்கு உண்டு.

கமிட்டிக்காரர்களின் கலர் போட்டோவுக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். இரண்டை இதற்கு விடுங்கள். அத்தைப்பாட்டியின் குரூப் போட்டோ என்னிடம் இருக்கிறது, ஸ்கேன் செய்து அனுப்புகிறேன்.

திருத்திய வரைவு வந்த அன்றே 100 டாலர் வரும். செக் சங்கத்தின் பெயரில்தான் போடுவேன், உங்கள் பெயரில் இல்லை.

பெரிய தெருப் பேத்தி
நியூஜெர்சி