சிங்கப்பூரில் வீடு பார்த்தது கீழக்கரையில் உட்கார்ந்துதான்

குடும்பத்தோடு சிங்கப்பூருக்குக் குடிபோகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

என் கணவர் ஜூரோங் பக்கம் வேலையில் சேர்ந்து வாடகை வீடு தேடிக்கொண்டிருந்தார். நான் கைக்குழந்தையோடு கீழக்கரையில் இருந்தேன். தரகர்கள் அனுப்பும் படங்களில் அறைகள் மட்டுமே இருக்கும். வாசலைத் தாண்டினால் என்ன இருக்கிறது என்பது அல்லவா எனக்குத் தெரிய வேண்டும்? குழந்தை உறங்கிய பிறகு கூகுள் மேப்பின் தெருக்காட்சியில் (Street View, கேமரா வைத்த காரை ஓட்டி எடுத்த தெருப் படங்கள்) ஒவ்வொரு முகவரியையும் சுற்றி வந்தேன். சிங்கப்பூருக்கு அந்த வசதி 2009 முதலே இருக்கிறது. அடுக்குமாடிகளின் பிளாக் எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதியிருப்பதால் கட்டடம் மாறிப்போகாது.

ஒரு வீடு எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. ரயில் நிலையம் ஐந்து நிமிட நடை என்றார்கள். வழி நெடுகப் பார்த்துக்கொண்டே போனால் நடுவில் அகலமான சாலை, அதைக் கடக்க ஒரு நடைமேம்பாலம், அதற்குப் படிகள் மட்டும். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு தினமும் அதில் ஏறி இறங்க முடியாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு பிடித்த வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை கூரையிட்ட நடைபாதை இருந்தது. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கியே போய்விடலாம்.

உம்மா கேட்டது வேறு. "ஜன்னல் எந்தப் பக்கம்? கச்சான் காற்று வருமா?" மேற்கேயிருந்து அடிக்கும் காற்றைத்தான் கச்சான் என்போம். படத்தின் ஓரத்தில் திசைகாட்டி இருக்கிறது, அதைத் திருப்பிப் பார்த்தால் ஜன்னல்கள் மேற்கே இருப்பது தெரிந்தது. அங்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம்தான். காற்று வரலாம், ஆனால் பிற்பகல் வெயிலும் வரும் என்று பேசி, அதே பிளாக்கில் எதிர்ப்பக்க வீட்டை எடுத்தோம்.

வாப்பாவோ வீட்டை விட்டுவிட்டுச் சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவைக் காட்டச் சொன்னார். 1830 வாக்கில் தமிழ் முஸ்லிம்கள் கட்டிமுடித்த, நாகூர் தர்கா என்றே பெயர் கொண்ட தர்கா அங்கே இருக்கிறது. அந்தக் காலத்தில் அந்தத் தெருதான் கடற்கரை. கப்பலில் வந்தவர்கள் கரையேறிய இடம். கடலைத் தூர்த்துவிட்டதால் இப்போது தர்காவின் முன்னே எங்கு திரும்பினாலும் கட்டடங்கள். கடலைக் காணோமே என்று வாப்பா நெடுநேரம் தேடினார். நம் ஊர்க்காரர்களை அந்தத் தெருவை ஒருமுறை பார்க்கச் சொல்வேன். வீடு தேடும் வேலைக்கு உதவாது, இருந்தாலும் பாருங்கள்.

இரண்டு செய்திகள் மட்டும் கவனத்தில் இருக்கட்டும். படம் எடுத்த மாதமும் ஆண்டும் திரையில் இருக்கும், கட்டாயம் பாருங்கள். கணினியில் பழைய தேதிகளையும் திறக்கலாம். காலி மனையாக இருந்த இடத்தில் பிறகு என்ன வந்தது என்பது அப்படித்தான் தெரியும். அடுத்து, கேமரா காரின் கூரைக்கு மேலே இருக்கும். அதனால் வேலியும் மதிலும் உள்ளதைவிடத் தாழ்வாகத் தோன்றும்.

லிஃப்ட் உங்கள் மாடியில் நிற்குமா, இரவில் சாலைச் சத்தம் எப்படி என்பதையெல்லாம் அங்கே இருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். என் கணவரை இரவு பத்து மணிக்கு அந்த பிளாக்கின் கீழே நிற்கவைத்து, தொலைபேசியிலேயே சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கொடுக்கச் சொன்னேன்.