காகிதமே இல்லை, ஆனாலும் ‘பேப்பர் ஜாம்’ என்கிறது பிரிண்டர்

கேள்வி: அலுவலகத்தில் ஒரு கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர். நேற்று மதியத்திலிருந்து ‘பேப்பர் ஜாம்’ என்றே காட்டுகிறது. முன் கதவு, பின் கதவு, ட்ரே எல்லாம் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாயிற்று. துண்டுக் காகிதம்கூட இல்லை. அணைத்துப் போட்டாலும் அதே செய்தி. 8 பேருக்கும் இது ஒன்றுதான். என்ன செய்யலாம்?

பதில் 1: டோனர் (மைப் பொடி) தீர்ந்திருக்கும். கார்ட்ரிட்ஜை மாற்றிப் பாருங்கள்.

பதில் 2: டோனருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தீர்ந்தால் எழுத்து வெளிறும், இல்லையென்றால் தனிச் செய்தி வரும். வீணாகக் கார்ட்ரிட்ஜ் வாங்காதீர்கள். ஆன் செய்தவுடனே செய்தி வருகிறதா, தாளை இழுத்த பிறகா?

கேட்டவர்: ஆன் செய்த சில நொடிகளிலேயே சார். தாளை இழுக்கவே இல்லை.

பதில் 2: அப்படியானால் சென்சார் பக்கம்தான் பார்க்க வேண்டும். தாள் போகும் வழியில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். தாள் தள்ளினால் சாயும், தாள் போனதும் ஸ்பிரிங் அதை நிமிர்த்திவிடும். நாக்கின் மறுமுனை உள்ளே ஓர் ஒளிக்கதிரை மறைத்து விடும். பிரிண்டருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நாக்கு சாய்ந்தபடியே மாட்டிக்கொண்டால், வழி காலியாக இருந்தாலும் தாள் நிற்பதாகவே நினைக்கும். சரி, இதற்கு முன் யாராவது சிக்கிய தாளைப் பிடித்து இழுத்தார்களா?

கேட்டவர்: ஆமாம். நேற்றுக் காலை ஒருவர் வெடுக்கென்று இழுத்தார், மூலை கிழிந்துவிட்டது. அந்த மூலையை யாரும் தேடவில்லை.

பதில் 2: அதைத்தான் இப்போது தேட வேண்டும். பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் ஆற விடுங்கள்; டோனரைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் ஃபியூசர் 200 டிகிரியை ஒட்டிச் சூடாகும். பிறகு பின் கதவைத் திறந்து, தாள் வெளியேறும் இடத்தில் உள்ள நாக்கை விரலால் மெல்லத் தட்டுங்கள். தானாக நிமிர வேண்டும். நிமிராவிட்டால் அதன் அடியில் பாருங்கள். கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதுவும் உள்ளே போக வேண்டாம்.

பதில் 3: கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்தால் துணி போட்டு மூடி வையுங்கள், அதிலுள்ள டிரம்மில் (படம் உருவாகும் உருளை) வெளிச்சம் படக்கூடாது. டோனர் சட்டையில் கொட்டினால் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் ஒட்டிக்கொள்ளும்.

கேட்டவர்: கிடைத்துவிட்டது! நகத்தளவு துண்டு, நாக்கின் அச்சில் மடிந்து செருகியிருந்தது. செய்தி போய்விட்டது. ஆனால் இப்போது நாலைந்து தாளுக்கு ஒருமுறை மறுபடி ஜாம். தாள் ட்ரேயை விட்டுப் பாதிகூட நகரவில்லை.

பதில் 2: இது வேறு கோளாறு. குறித்த நேரத்துக்குள் தாள் சென்சாரை எட்டாவிட்டாலும் இதே செய்திதான் வரும். ட்ரேயிலிருந்து தாளை இழுக்கும் ரப்பர் உருளை வழவழப்பாகி நழுவுகிறது என்று நினைக்கிறேன். மேனுவல் ட்ரேயில் (கையால் தாள் வைக்கும் தனி வழி) தாள் வைத்துப் பாருங்கள், அங்கே இழுப்பது வேறு உருளை. அது ஒழுங்காகப் போனால் சந்தேகமே வேண்டாம். உருளையை ஈரத் துணியால் சுற்றிச் சுற்றித் துடைத்து உலர விடுங்கள்.

கேட்டவர்: மேனுவல் ட்ரேயில் 20 தாளும் தடையில்லாமல் போயின. உருளையைத் துடைத்த துணி கன்னங்கரேல். இப்போது ஓடுகிறது சார், ரொம்ப நன்றி.

பதில் 2: மறுபடி நழுவ ஆரம்பித்தால் துடைத்துக்கொண்டிருக்காமல் உருளையை மாற்றிவிடுங்கள். அதன் எதிரே இருக்கும், தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விடும் செப்பரேஷன் பேடையும் சேர்த்து மாற்றுங்கள், அதுவும் இதே அளவு தேய்ந்திருக்கும்.